மிஞ்சிய பக்கெட்டை யார் அழிப்பது? – வாசகர் கேள்வி பதில்

மாரி முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லொக் சேர்வர்களின் (இயந்திரங்களின் செயற்பதிவுகளைச் சேர்த்து வைப்பவை) டிஸ்க் நிறைவது பற்றியவை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்தவற்றில் ஆறுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஸ்ப்ளங்க் என்ற லொக் தேடல் மென்பொருளில், நான்கு இன்டெக்ஸர் (லொக்கைச் சேமிக்கும் சேர்வர்) சேர்ந்த கிளஸ்டர் வைத்திருக்கிறோம். ரெப்ளிகேஷன் ஃபேக்டர் (வைக்கும் பிரதிகளின் எண்ணிக்கை) 3, சேர்ச் ஃபேக்டர் (அவற்றில் தேடக்கூடியவை) 2. மழைக்குக் கரண்ட் போய் ஒரு சேர்வர் ஒன்றரை நாள் கிடையாகக் கிடந்தது. அது எழும்பிய பிறகு மற்ற மூன்றிலும் டிஸ்க் முன்னரைவிட நிறைந்திருக்கிறது. கிளஸ்டரை நடத்தும் மேனேஜர் சேர்வரில் 'எக்ஸஸ் பக்கெட்' (மிஞ்சிய தரவுக் கோப்புறை) என்று நீளமான பட்டியல். ஆர்எம் கட்டளை போட்டு அழித்துவிடலாமா?
– வாசகர், கல்லடி

பதில்: கையால் அழிக்க வேண்டாம். அந்தப் பிரதிகள் ஒவ்வொன்றும் மேனேஜரின் கணக்கில் இருக்கின்றன. அதன் கணக்கில் உள்ளதை அதைக் கொண்டே அழிக்க வேண்டும்.

நடந்தது இதுதான். ஒரு பியரிடமிருந்து (கிளஸ்டரிலுள்ள இன்டெக்ஸர்) 60 விநாடிக்கு ஹார்ட்பீட், அதாவது 'உயிரோடு இருக்கிறேன்' என்ற செய்தி, வராவிட்டால் மேனேஜர் அது செத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். உடனே அந்தப் பியரில் இருந்த பிரதிகளுக்குப் பதில் பிரதிகளை மற்ற மூன்றிலும் உண்டாக்கத் தொடங்கும். செத்தது எழும்பி வரும்போது தன் பழைய பிரதிகளையும் கொண்டு வருகிறது. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு.

எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடலாம். சாதாரண சிஸ்லொக் தரவில், வரும் அளவில் சுருக்கிய மூலத் தரவு 15 சதவீதம், டிஎஸ்ஐடிஎக்ஸ் கோப்புகள் (தேடலுக்கான அட்டவணை) 35 சதவீதம் என்று திட்டமிடுவது வழக்கம். நாளுக்கு 20 ஜிபி லொக் வந்தால் மூலம் 3 ஜிபி வீதம் மூன்று பிரதி, டிஎஸ்ஐடிஎக்ஸ் 7 ஜிபி வீதம் இரண்டு பிரதி, ஆக நாளுக்கு 23 ஜிபி. 90 நாளுக்கு 2070 ஜிபி. நான்கில் ஒன்று விழுந்து, பதில் பிரதி எடுக்கும் வேலை முழுவதும் முடிந்திருந்தால் அதில் கால்வாசி, ஏறத்தாழ 500 ஜிபி, மிஞ்சி நிற்கும்.

'தேடல் ஒழுங்காகத்தானே வருகிறது, கிடக்கட்டும்' என்று விடுபவர்கள் பலர். தேடலுக்குப் பாதிப்பில்லை என்பது சரி. ஆனால் ஒரு இன்டெக்ஸின் (ஒரு பெயரில் சேரும் லொக் தொகுதி) மொத்த அளவுக்கு விதிக்கும் எல்லை (மேக்ஸ்-டோட்டல்-டேட்டா-சைஸ்-எம்பி, வழமையில் 500000) ஒவ்வொரு பியருக்கும் தனித்தனியே பொருந்தும். வேறு பியரிலிருந்து வந்த பிரதிகளும் அந்த எல்லைக்குள் எண்ணப்படும். மிஞ்சிய பிரதிகள் இடத்தைப் பிடித்து எல்லையைத் தொட்டதும், அந்தப் பியர் மிகப் பழைய பக்கெட்டை ஃப்ரோஸன் நிலைக்கு, அதாவது தேடலுக்கு வெளியே, தள்ளும். ஃப்ரோஸனுக்கு ஒரு கோப்புறை குறித்துக் கொடுக்காவிட்டால் அதன் பொருள் அழிப்பதுதான். குப்பையை வைத்துக்கொண்டு நல்லதை எறிந்த கதையாகிவிடும். இன்னொன்று: டிஸ்கில் மீதி இடம் 5000 எம்பிக்குக் கீழே போனால் அந்தப் பியர் புதிய லொக்கை ஏற்பதையே நிறுத்திவிடும்.

அகற்றும் முறை: முதலில் மேனேஜரில் நான்கு பியரும் 'அப்' என்று காட்டுகின்றனவா, ரெப்ளிகேஷன் ஃபேக்டர், சேர்ச் ஃபேக்டர் இரண்டும் 'மெட்' (நிறைவேறியது) என்று உள்ளனவா பாருங்கள். கட்டளை வரியில் 'ஷோ கிளஸ்டர்-ஸ்டேட்டஸ்' போட்டாலும் தெரியும். பிறகு செட்டிங்ஸ், இன்டெக்ஸர் கிளஸ்டரிங், இன்டெக்ஸஸ், பக்கெட் ஸ்டேட்டஸ் என்று உள்ளே போங்கள். நிலுவையில் ஃபிக்ஸ்-அப் வேலை (குறையும் பிரதிகளை நிரப்புவது) இருந்தால் அது தீரும்வரை பொறுத்திருங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் பிரதி எடுக்க, மறுபக்கம் அழிக்க, எண்ணிக்கை ஓரிடத்தில் நிற்காது. எல்லாம் அடங்கிய பிறகு எக்ஸஸ் பக்கெட் தாவலில் ஒவ்வொரு இன்டெக்ஸாக ரிமூவ் கொடுங்கள். கட்டளையில் செய்வதானால் மேனேஜரில் 'ஸ்ப்ளங்க் லிஸ்ட் எக்ஸஸ்-பக்கெட்ஸ்', அடுத்து 'ஸ்ப்ளங்க் ரிமூவ் எக்ஸஸ்-பக்கெட்ஸ்', பின்னால் இன்டெக்ஸின் பெயர். பெயர் கொடுக்காவிட்டால் எல்லா இன்டெக்ஸிலும் கை வைக்கும். முதலில் மிகச் சிறிய இன்டெக்ஸில் செய்து, பியர்களில் 'டிஎஃப்' (டிஸ்க் இடத்தைக் காட்டும் கட்டளை) போட்டு இடம் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுப் பெரியதற்குப் போங்கள். எந்தப் பியரிலிருந்து எடுப்பது என்பதை மேனேஜர் தீர்மானிக்கும். எழும்பி வந்த சேர்வரிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்ல முடியாது, சொல்லத் தேவையும் இல்லை.

மூன்றே பியர் வைத்து ரெப்ளிகேஷன் ஃபேக்டரையும் 3 ஆக வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒன்று விழுந்தால் மூன்றாவது பிரதி வைக்க உங்களுக்கு இடமே இல்லை, ஆகவே மூலத் தரவு மிஞ்சாது. ஆனால் மீதி இரண்டிலும் தேட முடியாமல் கிடந்த பிரதிகளுக்கு டிஎஸ்ஐடிஎக்ஸ் உண்டாகியிருக்கும். பட்டியலில் தேடல் பிரதி மட்டும் மிஞ்சி நிற்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். அகற்றும்போது டிஎஸ்ஐடிஎக்ஸ் மட்டும் போகும், மூலம் இருக்கும்.

அடுத்த முறை: மின்தடை முன்னறிவித்தலோடு வந்தால் மேனேஜரில் 'எனேபிள் மெயின்டனன்ஸ்-மோட்' (பதில் பிரதி எடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்தி வைக்கும்), நிறுத்தப்போகும் பியரில் 'ஓஃப்லைன்', கரண்ட் வந்து பியர் எழும்பியதும் 'டிஸேபிள் மெயின்டனன்ஸ்-மோட்'. கடைசியதை மறந்தால் உண்மையாகவே ஒரு டிஸ்க் போகும் நாளில் பிரதி எடுக்க ஆளிருக்காது. சொல்லாமல் போகும் கரண்டுக்கு யூபிஎஸ்தான் வழி. சேர்வருக்கு யூபிஎஸ் கொடுத்துவிட்டு நெட்வேர்க் ஸ்விட்சைச் சுவர்ப் பிளக்கில் விட்டுவிடாதீர்கள். ஜெனரேட்டர் பிடிக்க ஒன்றரை நிமிடம் எடுத்தாலே 60 விநாடி தாண்டிவிடுகிறது. பியர்கள் உயிரோடு இருந்தும் மேனேஜர் கண்ணுக்குச் செத்தவைதான்.

கேள்வி: எங்கள் பியர்களில் ஆர்பி என்று தொடங்கும் கோப்புறைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பலவற்றின் பெயர்க் கடைசியில், இப்போது ஓடும் எந்தச் சேர்வருக்கும் சொந்தமில்லாத ஜியூஐடி (சேர்வரின் தனி அடையாள எண்) இருக்கிறது. கழித்துவிட்ட பழைய சேர்வருடையது என்று நினைக்கிறேன். இவை மிச்சம்தானே?
– வாசகி, கல்முனை

பதில்: இல்லை. அவை உயிருள்ள தரவு. பெயரைப் பிரித்துப் பார்ப்போம். 'டிபி_1735689600_1735603200_42_' என்று தொடங்கி ஜியூஐடியில் முடியும் ஒரு கோப்புறை. முதல் எண் அதிலுள்ள மிகப் புதிய பதிவின் நேரம், இரண்டாவது மிகப் பழையதன் நேரம், இரண்டும் யூடிசி விநாடிக் கணக்கில். 1735689600 என்பது நமது நேரப்படி 2025 ஜனவரி 1 காலை 5.30. யூடிசியில் நள்ளிரவு என்பதை மறந்து கணக்குப் பார்ப்பவர்கள் ஒரு நாள் தள்ளிப் பிடித்துவிடுவார்கள். 42 என்பது உள்ளூர் வரிசை எண். ஜியூஐடி அந்தப் பக்கெட் எந்தச் சேர்வரில் பிறந்தது என்பதை மட்டும் சொல்கிறது. அந்தச் சேர்வர் இன்று இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

டிபி என்றால் பிறந்த இடத்துப் பிரதி, ஆர்பி என்றால் இன்னொரு பியருக்கு அனுப்பப்பட்ட பிரதி. ஆர்பி தரம் குறைந்ததல்ல. தேடலுக்குப் பதில் சொல்லும் முதன்மைப் பிரதி ஆர்பியாகவும் இருக்கலாம். பழைய சேர்வர் போய்விட்ட பிறகு அதன் டிபி எங்குமே இல்லை, ஆர்பிகள்தான் எஞ்சிய ஒரே ஆதாரம். உங்கள் பியர்களின் ஜியூஐடி 'ஈடிசி' கோப்புறையில் இன்ஸ்டன்ஸ் டொட் சிஎஃப்ஜி கோப்பில் இருக்கும், ஒப்பிட்டு உறுதிப்படுத்துங்கள்.

ஏற்கனவே சிலதை அழித்துவிட்டீர்கள் என்றால் மேனேஜருக்கு அது தெரியாது, இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். அந்தப் பியரை ஒருமுறை நிறுத்தித் தொடக்குங்கள். எழும்பும்போது தன்னிடமுள்ள பக்கெட் பட்டியலை மேனேஜரிடம் கொடுக்கும். குறைவதைக் கண்டு மேனேஜர் மற்றப் பிரதியிலிருந்து நிரப்பும். இரண்டு பியரில் அழித்திருந்தால் ஒன்று நிரம்பிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

கேள்வி: கோல்ட் டிஸ்கில் (பழைய பக்கெட் வைக்கும் டிஸ்க்) 'இன்ஃப்ளைட்' என்று தொடங்கும் கோப்புறைகளும் வேறிடத்தில் 'டிஸேபிள்ட்' என்று தொடங்குபவையும் கிடக்கின்றன. எக்ஸஸ் பட்டியலில் இவை இல்லை.
– வாசகர், ஏறாவூர்

பதில்: இவை மேனேஜரின் கணக்கில் வராத மிச்சங்கள். இவற்றை நீங்கள்தான் கூட்டியள்ள வேண்டும்.

இன்ஃப்ளைட்: பக்கெட்டை வார்ம் டிஸ்கிலிருந்து (அண்மைய பக்கெட் உள்ளது) வேறொரு கோல்ட் டிஸ்குக்கு நகர்த்தும்போது இடைநிலைப் பெயர் அது. நகர்த்தி முடிந்ததும் பெயர் மாறும். நடுவில் கரண்ட் போனால் அரைகுறையாக அப்படியே நிற்கும். பெயரில் இன்ஃப்ளைட் என்பதை நீக்கிவிட்டு வருவதை வார்ம் கோப்புறையில் தேடுங்கள். அங்கே மூலம் முழுதாக இருந்து, 'ரோடேட்டா' உட்கோப்புறையில் ஜர்னல் கோப்பும் (சுருக்கிய மூலத் தரவு) சரியாக இருந்தால், இது வெறும் அரைப் பிரதி, அழிக்கலாம். வார்மில் இல்லையென்றால் தொடாதீர்கள், முதலில் மற்றப் பியர்களில் அதே வரிசை எண்ணும் ஜியூஐடியும் உள்ளதைத் தேடுங்கள். பியர் ஓடிக்கொண்டிருக்கையில் நகர்த்தல் உண்மையாகவே நடந்துகொண்டிருக்கலாம் என்பதால், பியரை நிறுத்திவிட்டே கை வையுங்கள்.

டிஸேபிள்ட்: ஒரே அடையாளமுடைய இரண்டு பக்கெட் மோதியபோது ஸ்ப்ளங்க் ஒன்றை ஒதுக்கி வைத்தது. பெக்கப்பிலிருந்து கோப்புறையைக் கொண்டுவந்து போட்டதாலோ, விர்ச்சுவல் மெஷினைக் குளோன் செய்ததாலோ வருகிறது. குளோன் எடுத்தால் இன்ஸ்டன்ஸ் கோப்பிலுள்ள ஜியூஐடியும் அப்படியே போய், இரண்டு சேர்வர் ஒரே பெயரில் எழும்பும். குளோன் எடுக்கும் முன் 'குளோன்-ப்ரெப்-கிளியர்-கொன்ஃபிக்' போடுவது அதற்காகத்தான். ஒதுக்கப்பட்டதன் ஜர்னலும் ஓடிக்கொண்டிருப்பதன் ஜர்னலும் செக்சம்மில் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) ஒன்றானால் எறியலாம். வேறுபட்டால் அதில் வேறு பதிவுகள் இருக்கலாம். வேறு டிஸ்குக்கு நகர்த்தி வைத்து, ஒரு மாதம் யாரும் ஒன்றும் கேட்காவிட்டால் அழியுங்கள்.

கேள்வி: தேடல் பெட்டியில் டிலீட் கட்டளை கொடுத்துப் பழைய லொக்கை அழித்தேன். டிஸ்கில் ஒரு எம்பிகூடக் குறையவில்லை.
– வாசகர், சம்மாந்துறை

பதில்: குறையாது. டிலீட் பதிவுகளைத் தேடலுக்குத் தெரியாமல் மறைக்கும், அவ்வளவே. இடம் வேண்டுமானால், தரவை எத்தனை விநாடி வைத்திருப்பது என்று சொல்லும் 'ஃப்ரோஸன்-டைம்-பீரியட்-இன்-செக்ஸ்' மதிப்பைக் குறையுங்கள். வழமையில் அது 188697600, ஏறக்குறைய ஆறு வருடம். 90 நாளுக்கு 7776000. மேனேஜரில் மாற்றி, பண்டிலாக (அமைப்புக் கோப்புகளின் தொகுப்பு) எல்லாப் பியருக்கும் தள்ளுங்கள், ஒவ்வொரு பியரிலும் தனியாகத் திருத்த வேண்டாம். பக்கெட்டிலுள்ள மிகப் புதிய பதிவு அந்த வயதைத் தாண்டினால்தான் முழுப் பக்கெட்டும் போகும். லொக் குறைவாக வரும் இன்டெக்ஸில் ஒரே பக்கெட் 90 நாள் வரை நீளலாம். ஆகவே 90 நாள் என்று போட்டும் 180 நாள் பழையது கண்ணில் பட்டால் பழுது ஒன்றுமில்லை.

கேள்வி: நாங்கள் எலாஸ்டிக்சேர்ச் என்ற வேறு தேடல் மென்பொருள் பாவிக்கிறோம். நீண்டநாள் நிறுத்தி வைத்த ஒரு நோட் (கிளஸ்டரின் ஒரு சேர்வர்) எழும்பிய பின், அழித்துவிட்ட இன்டெக்ஸ்கள் அதன் டிஸ்கில் கிடக்கின்றன.
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அவற்றை டேங்லிங் இன்டெக்ஸ் என்பார்கள். அழித்தவற்றின் பெயரைக் கிளஸ்டர் ஒரு பட்டியலில் வைத்திருக்கும், வழமையில் கடைசி 500 மட்டும். நோட் தூங்கிய காலத்தில் அதற்கு மேல் அழித்திருந்தால், எழும்பியதற்குச் செய்தி போய்ச் சேராது. 7.9 பதிப்பிலிருந்து இவற்றைக் கையாள டேங்லிங் ஏபிஐ (கட்டளை இடைமுகம்) உண்டு. பட்டியல் எடுத்து, தேவையானால் இம்போர்ட், தேவையில்லாவிட்டால் 'அக்ஸெப்ட்_டேட்டா_லொஸ்' ட்ரூ என்று கொடுத்து அழியுங்கள். டேட்டா கோப்புறைக்குள் நேரடியாகக் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ஃப்ரோஸன் பக்கெட்டுகளைத் தனி என்ஏஎஸ்ஸில் (நெட்வேர்க் வழிச் சேமிப்பகம்) சேர்க்கிறோம். ஒரே தரவு மூன்று தடவை சேருவதுபோல் தெரிகிறது.
– வாசகி, வாழைச்சேனை

பதில்: சேரத்தான் செய்யும். ஒவ்வொரு பியரும் தன் பிரதியைத் தானே ஆவணக் கோப்புறைக்கு அனுப்பும். ஃப்ரோஸன் ஆன பிறகு கிளஸ்டர் அதைக் கணக்கில் வைப்பதில்லை. ஆகவே இதுவும் உங்கள் கை வேலைதான். டிஎஸ்ஐடிஎக்ஸ் கழிக்கப்பட்டு மூலத் தரவு மட்டும் போவதால் இழப்பு நினைப்பதைவிடக் குறைவு. ஆனாலும் மூன்று மடங்கு மூன்று மடங்குதான்.

பியருக்கொரு உட்கோப்புறை கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரே பெயரில் வரும் இரண்டு ஆர்பிகள் மோதும். வாரம் ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்டில் பெயரின் கடைசி இரண்டு பகுதியை, அதாவது வரிசை எண்ணையும் ஜியூஐடியையும், இன்டெக்ஸ் பெயரோடு சேர்த்து ஒப்பிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பியரும் ஒரே நாளில் ஃப்ரோஸன் செய்யாது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். வைத்துக்கொள்ளும் பிரதியின் ஜர்னல் திறக்கிறதா என்று பார்க்காமல் மற்றதை அழிக்காதீர்கள். மீளக் கொண்டுவரும்போது ஒரே ஒரு பியரின் 'தோட்-டிபி' கோப்புறையில் (ஃப்ரோஸனை மீளத் தேடவைக்கும் இடம்) போட்டு 'ஸ்ப்ளங்க் ரீபில்ட்' கொடுத்து, அந்தப் பியரை மீளத் தொடக்குங்கள். தோட் செய்த தரவு மற்றப் பியர்களுக்குப் பிரதியாகாது. இரண்டு பியரில் போட்டால் ஒவ்வொரு பதிவும் தேடலில் இரண்டு தடவை வரும்.