அடங்காத மட்டக்குதிரைக்கு என்ன விலை வைப்பது? கேள்வி பதில்

பிள்ளைகள் ஏறும் மட்டக்குதிரைகளைப் பழக்குவதிலும் கைமாற்றி விடுவதிலும் நெடுநாள் ஈடுபட்டவன் என்ற முறையில், முரண்டு பிடிக்கும் குதிரையை நியாயமான விலைக்கு விற்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருள் கொண்டவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குதிரைக்கு 9 வயது, உயரம் 122 செ.மீ. பயிற்சியாளரின் மகன் ஏறினால் ஒழுங்காக நடக்கிறது. என் மகள் ஏறினால், பாய்ச்சல் எடுத்ததும் தலையைக் கீழே இழுத்து அவளைத் தள்ளிவிட்டு வாயிலை நோக்கி ஓடுகிறது. நாங்கள் வாங்கிய விலையையாவது கேட்கலாமா?

பதில்: வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். அது உங்கள் கணக்குப் புத்தகத்துக்கு உரியது. வாங்க வருகிறவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. இதே உயரமும் வயதும் பயிற்சியும் உடைய, சிறு பிள்ளையை ஏற்றிக்கொண்டு நிதானமாகச் செல்லும் குதிரை இன்று என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு, படியும் விலை வேறு. ஒரே விளம்பரம் மாதக்கணக்கில் நின்றுகொண்டிருந்தால், அந்த விலைக்கு ஆள் வரவில்லை என்று பொருள்.

அந்த விலையிலிருந்து, குதிரையைத் திருத்த ஆகும் பயிற்சிக் கூலியையும், அக்காலத்துத் தீவனம், லாடம், லாயச் செலவையும் பெரும்பாலோர் கழிக்கிறார்கள். அப்படியும் திருந்தாமல் போகலாம் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். நிதானமான குதிரையின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் 30 ஆகும் என்றால், 70 கேட்கலாம் என்று தோன்றும். ஆனால் திருந்துவதற்கு நான்கில் மூன்று பங்கு வாய்ப்புதான் உண்டு என்றும், திருந்தாவிட்டால் 40-க்குத்தான் போகும் என்றும் பயிற்சியாளர் சொன்னால், எதிர்பார்க்கத் தக்க மதிப்பு 85 ஆகிறது. அதில் செலவு 30 போக நிற்பது 55. எழுபதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையிலுள்ள தொகையைத்தான் வாங்க வருகிறவர் தயக்கம் என்ற பெயரில் உங்களிடம் காட்டுகிறார்.

உங்கள் குதிரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 140 செ.மீ.க்கு மேற்பட்ட மட்டக்குதிரை என்றால், உடல் சிறுத்த பெரியவர் ஒருவரே ஏறித் திருத்திவிடலாம். 122 செ.மீ. குதிரையை ஏறித் திருத்த, எடை குறைந்த, அதே சமயம் கை தேர்ந்த பிள்ளை வேண்டும். அத்தகைய பிள்ளைகள் எங்கும் அரிது. ஆகவே சிறிய குதிரையின் முரட்டுத்தனம் பெரிய குதிரையினுடையதை விட விலையைக் கூடுதலாக இறக்கும். மறுபுறம், உங்கள் பயிற்சியாளரின் மகனைப் போன்ற பிள்ளை உள்ள வீடு கிடைத்துவிட்டால், அவர்களுக்குப் பயிற்சிச் செலவே இல்லை. விளம்பரத்தை அத்தகைய வீட்டை நோக்கி எழுதுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு வரை சாதுவாக இருந்த குதிரை இப்போது வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வருகிறது, ஏறினால் பின்னங்கால்களை உதறுகிறது. விலையில் எவ்வளவு குறைக்க வேண்டும், ஐயா?

பதில்: இப்போதைக்கு விலையே வைக்காதீர்கள். பழகிய குதிரையின் குணம் திடீரென்று மாறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வலியை. பொருந்தாத சேணம், கூர்மையாக வளர்ந்த கடைவாய்ப் பற்கள், வயிற்றுப் புண், முதுகுவலி, குளம்பு நோவு ஆகிய எதுவும் இப்படி வெளிப்படலாம். கால்நடை மருத்துவரையும் சேணம் பொருத்தத் தெரிந்தவரையும் அழைத்துப் பாருங்கள். குதிரை பட்டினியாக இருக்கும் நிலையில் குழாய்க் கருவியை உள்ளே செலுத்திப் பார்த்தால்தான் வயிற்றுப் புண் உறுதிப்படும். வெளியிலிருந்து ஊகிப்பதில் பயனில்லை.

பலர் எண்ணிப் பாராத காரணம், பிள்ளை வளர்ந்துவிட்டது என்பது. முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்ட முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் குதிரையின் எடை ஏறத்தாழக் கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 125 என்றால் எடை சுமார் 237 கிலோ. சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது பரவலாகக் கொள்ளப்படும் மேல்வரம்பு. இந்தக் குதிரைக்கு அது சேணத்தையும் சேர்த்து 47 கிலோ. கொழுத்த குதிரையாக இருந்தால் இந்த எண்ணையும் நம்ப வேண்டாம், கொழுப்பு சுமை தாங்காது. 45 கிலோ பிள்ளை ஏறியதும் முரண்டு பிடிக்கும் குதிரை, 28 கிலோ பிள்ளையிடம் சாதுவாக இருந்துவிடலாம். அப்படியானால் அதை அடங்காத குதிரை என்று விற்பதே தவறு.

காரணம் கண்டறிந்து குணமாகிவிட்டால், மருத்துவச் சீட்டுகளுடன் ஏறத்தாழ முழு விலையைக் கேட்கலாம். தீராத நோய் என்று தெரிந்தால், சவாரிக்குரிய விலை எதையும் கேட்கக் கூடாது.

கேள்வி: குறையை விளம்பரத்திலேயே எழுதினால் யாரும் வரமாட்டார்கள் என்கிறார் என் கணவர். நேரில் கேட்பவர்களுக்கு மட்டும் சொன்னால் போதாதா?

பதில்: போதாது. நேர்மைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, விலைக்காகவும் சொல்கிறேன். “சற்றுத் துடிப்பான குதிரை, அனுபவமுள்ள வீட்டுக்கு ஏற்றது” என்று எழுதினால், படிப்பவர் தமக்குத் தெரிந்த அத்தனை கெட்ட பழக்கங்களையும் அந்தக் குதிரையின் மேல் ஏற்றிப் பார்ப்பார். அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: “நடையிலும் பெருநடையிலும் அமைதியானது. திறந்த வெளியில் பாய்ச்சல் எடுத்தால் தலையைக் கீழே இழுத்து ஓரிரு முறை உதறும். வேலி அடைத்த பயிற்சிக் களத்தில் அப்படிச் செய்வதில்லை. முன்னங்கால்களைத் தூக்கி எழுந்ததில்லை. லாடம் அடிக்கவும் வண்டியில் ஏறவும் மறுப்பதில்லை.” குறைக்கு எல்லை தெரிந்துவிட்டது, வாங்குபவர் அதற்கு மட்டும் விலையைக் கழிப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து விற்றால், ஒரே வாரத்தில் குதிரையும் திரும்பி வரும், வழக்கும் வரலாம், நடுவில் யாரோ ஒரு பிள்ளையின் கை முறிந்திருக்கவும் கூடும்.

கேள்வி: எல்லாக் குறைகளும் ஒரே அளவுக்கா விலையைக் குறைக்கும்?

பதில்: இல்லை. மேய்ச்சல் வெளியில் பிடிபட மறுப்பது, வண்டியில் ஏற முரண்டுவது போன்றவை தொல்லைகள்தான், ஆனால் பொறுமையால் திருந்துபவை. விலை சிறிதளவே இறங்கும். மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்குவது, நின்ற இடத்திலேயே ஓயாமல் அசைந்துகொண்டிருப்பது போன்றவை எளிதில் மாறாதவை. சவாரிக்கு ஊறு செய்யாவிட்டாலும் வாங்குபவரை மிரட்டும். சாலையில் வண்டிகளைக் கண்டு மிரள்வதும், பின்னங்கால்களில் எழுந்து நிற்பதும் கடுமையானவை. எழுந்து நிற்கும் பழக்கம் ஊறிய குதிரை பின்புறமாகச் சாய்ந்து விழுந்தால் பிள்ளை அடியில் சிக்கிக்கொள்ளும். அத்தகைய குதிரையைப் பிள்ளைக்கென்று எந்த விலைக்கும் விற்கக் கூடாது. தொழில்முறைப் பயிற்சியாளரிடம், இருக்கும் நிலையைச் சொல்லி, அவர் ஒப்புக்கொள்ளும் விலைக்குக் கொடுங்கள்.

வயதையும் சேர்த்துப் பாருங்கள். 5 வயதுக் குதிரையின் முரண்டில் பாதி அறியாமை, அதற்கு எதிர்காலம் உண்டு. 16 வயதுக் குதிரை அதையே செய்தால், பல வீடுகளில் செய்து பலன் கண்ட பழக்கமாக இருக்கலாம்.

கேள்வி: பார்க்க வருகிறவர்கள் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் ஓட்டிக் களைக்க வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார்.

பதில்: செய்யாதீர்கள். விவரம் தெரிந்தவர் வந்ததும் சேணம் வைக்கும் இடத்தில் கையை வைத்து ஈரமும் சூடும் பார்ப்பார். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார். மயக்க மருந்தோ வலிமருந்தோ கொடுப்பது இதைவிடக் கேடு. வாங்குமுன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் இரத்தம் எடுத்துப் பாதுகாத்து வைத்து, பின்னால் ஐயம் எழுந்தால் சோதிக்கும் வழக்கம் உண்டு. அவர்கள் கண்முன்னே குதிரையைப் பிடித்து, துடைத்து, சேணமிட்டு, முதலில் உங்கள் ஆள் ஏறிக் காட்டட்டும். அது உதறினால் உதறட்டும். அதைத்தானே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்!

கேள்வி: வியாபாரி ஒருவர் நான் கேட்டதில் பாதியை இன்றே கையில் தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடவா?

பதில்: ஒரு மாதத்துக்குத் தீவனம், லாடம், லாயம், மருத்துவம் என எவ்வளவு ஆகிறது என்று கூட்டுங்கள். நியாயமான விலைக்கு ஆள் கிடைக்க நான்கு மாதம் ஆகும் என்றால், நான்கு மாதச் செலவு வரை விலையில் விட்டுக்கொடுப்பதில் நட்டமில்லை. அதற்கும் கீழே போவது அடிமாட்டு விலை. விலை மிகவும் இறங்கினால் குதிரைக்கும் ஆபத்து, ஏனெனில் அனுபவமில்லாத குடும்பங்கள் முதலில் தேடுவது மலிவான குதிரையைத்தான். அவர் எங்கே, யாருக்கு விற்பார் என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சோதனைக் காலம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: முரட்டுக் குதிரைக்குச் சோதனைக் காலம் நல்லதே, விலை பேசும் தகராறைக் குறைக்கும். ஆனால் வாய்ச்சொல்லாக வேண்டாம். எத்தனை நாள், யார் ஏறலாம், காயமோ நோயோ வந்தால் செலவு யாருடையது, காப்பீடு யார் பெயரில் என்பவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முழுத் தொகையையும் பெற்று, திருப்பித் தரும் நிபந்தனையுடன் வைத்திருங்கள். புறப்படும் அன்று நான்கு குளம்புகளையும் உடம்பையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கும் தீவனத்தின் அளவையும் எழுதிக் கொடுங்கள். புது வீட்டில் அன்பு மிகுந்து தானியத்தை அள்ளிப் போட்டுவிட்டு, மூன்றாம் நாளே குதிரை அடங்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.