சாணைக்கல் அக்காவிடம் கேட்டவை

கால்கரியில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒரு பழைய மேசை உண்டு. என் இரண்டு பிள்ளைகளும் ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் (ஐஸில் பிளேடு மாட்டி ஓடும் பந்தயம்) சேர்ந்த நாளிலிருந்து, பன்னிரண்டு வருடமாக, அதில்தான் பிளேடுகளுக்குச் சாணை பிடிக்கிறேன். நான் பயிற்சியாளர் இல்லை. பணம் கட்டி, தவறு செய்து, கற்றுக்கொண்ட ஒரு அம்மா. கேள்விகள் நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு அப்பா: அக்கா, மகனுக்கு ஒன்பது வயசு. ஐஸ் ஹாக்கி வேண்டாம், ஸ்பீட் ஸ்கேட்டிங்தான் வேணும் எண்டு நிக்கிறான். முதல் வருசம் எவ்வளவு முடியும்? ஸ்கேட் புதுசா வாங்கலாமோ?

வாங்காதீர்கள் தம்பி. பெரும்பாலான கிளப்புகள் சீசன் முழுவதற்கும் ஸ்கேட்டை வாடகைக்குத் தருகின்றன. எங்கள் பக்கம் 100 முதல் 200 டாலர். முதல் வருடம் பணம் போக வேண்டியது பாதுகாப்புச் சாமான்களுக்கு: ஹெல்மெட், கழுத்துக் கவசம், முழங்கால், கணைக்கால் கவசங்கள், வெட்டுப்படாத கையுறை, கண்ணாடி. எல்லாம் சேர்த்து 300 டாலருக்குள் முடித்தோம். வாரம் இரண்டு நாள் ஐஸுக்கு கிளப் கட்டணம் ஏறக்குறைய 600.

இரண்டாம் வருடம் பழைய ஸ்கேட் வாங்குங்கள். 250, 300 டாலருக்கு நல்லதே கிடைக்கும், ஏனென்றால் வளரும் பிள்ளைகளின் ஸ்கேட் தேய்வதற்கு முன்பே சின்னதாகிவிடும். ஆனால் பள்ளிச் சட்டை தைப்பது போல "வளருவான்தானே" என்று ஒரு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள். ஸ்கேட் பூட்ஸுக்குள் கால் ஆடினால் கணுக்கால் உள்பக்கம் மடங்கும். அப்புறம் அந்தப் பழக்கத்தைத் திருத்த இரண்டு வருடம் போகும். அரை சைஸ் கூடுதல் போதும், மெல்லிய காலுறையோடு.

பெரிய செலவு பதின்மூன்று, பதினான்கு வயதில்தான் வரும். காலை அச்செடுத்துச் செய்யும் கார்பன் பூட் 1,500 டாலருக்குக் குறையாது. பிளேடு தனி, அது 600க்கு மேல். ஷார்ட் ட்ராக் (சின்னச் சுற்று), லாங் ட்ராக் (பெரிய சுற்று) இரண்டும் ஓடுகிற பிள்ளைக்கு இரண்டு ஜோடி. மகள் அந்த நிலைக்கு வந்த வருடம் நாங்கள் ஊருக்குப் போகவில்லை.

எட்மன்டனிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு பழைய ஷார்ட் ட்ராக் ஸ்கேட் வாங்கினேன். இரண்டு காலிலும் பிளேடு நடுவில் இல்லை, இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் லேசாக வளைந்தும் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, உங்களுக்குச் சரியான சாமான்தான் கிடைத்திருக்கிறது. ஷார்ட் ட்ராக்கில் எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புவார்கள். ஒரு சுற்று 111.12 மீட்டர், ஐஸ் ஹாக்கித் தளமான ரிங்குக்குள்ளேயே அடங்கிவிடும். வளைவில் உடம்பு ஐஸை உரசும் அளவுக்குச் சாயும். பிளேடு நடுவில் இருந்தால் இடது பூட்ஸின் ஓரம் ஐஸில் இடித்து ஆள் பறந்துவிடுவார். அதனால்தான் இடப்பக்கம் தள்ளி வைக்கிறார்கள். வளைவும் திருப்பத்தைப் பிடித்துக்கொள்வதற்காக வேண்டுமென்றே வளைத்தது. சுத்தியலால் நிமிர்த்திவிடாதீர்கள். (ஒருவர் செய்திருக்கிறார். என் வீட்டுக்காரர்தான்.)

வாட்டர்லூவில் படிக்கும் ஒரு மாணவர்: ஹாக்கி ஸ்கேட் தீட்டும் கடையில் கொடுத்தால் போதாதா? ஜிக், கல் எல்லாம் தனியாக வாங்க வேண்டுமா?

முதல் வருடம் நான் செய்த பெரிய தவறு இதுதான். ஒரு கடையில் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் பளபளவென்று தந்தார்கள். பயிற்சியாளர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பிளேடு போய்விட்டது.

ஹாக்கி பிளேடின் அடியில் நடுவே பள்ளம் இருக்கும், இரண்டு ஓரமும் தனித்தனியாகக் கடிக்கும். நம் பிளேடு ஒரு மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் தடிமன், அடி தட்டையாக இருக்க வேண்டும். நீளவாக்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவும் உண்டு, அதை ராக்கர் என்போம். லாங் ட்ராக்குக்கு அதன் ஆரம் 20 மீட்டருக்கு மேல், ஷார்ட் ட்ராக்குக்கு பத்து மீட்டரை ஒட்டி. கடை மெஷின் பள்ளத்தையும் போட்டது, ராக்கரையும் தின்றுவிட்டது.

ஆகவே ஜிக் (ஸ்கேட்டை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) வாங்கத்தான் வேண்டும். நல்லது 300 டாலர் வரும், ஆனால் ஆயுசுக்கும் உழைக்கும். இரண்டு ஸ்கேட்டையும் தலைகீழாகப் பக்கத்தில் பக்கத்தில் இறுக்கி, கல்லை இரண்டு பிளேடு மேலும் சேர்த்துச் சாய்வாக ஓட்ட வேண்டும். முதலில் சொரசொரப்பான கல், பிறகு நைஸ் கல். இதற்கு அவசரம் ஆகாது. ஒரு கட்டத்தில் ஓரத்தில் பிசிர் எழும். விரலால் பக்கவாட்டில் தடவினால் தெரியும். பிசிர் முழு நீளத்துக்கும் ஒரே சீராக வந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். பிறகு சின்னக் கல்லைப் பக்கவாட்டில் படுக்க வைத்து பிசிரை எடுத்துவிட்டு, நைஸ் கல்லால் கடைசியாக இரண்டு இழுப்பு. நகத்தை ஓரத்தில் வைத்து லேசாக இழுங்கள். பவுடர் போல நகம் சீவினால் சரி.

ஐஸை விட்டு வந்ததும் பிளேடைத் துடையுங்கள். பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும். ஈரத்தோடு அதிலேயே வைத்தால் காலையில் துரு. வீட்டில் துணி உறை.

கோவையிலிருந்து: டிவியில் பார்க்கும்போது ஒவ்வொரு அடிக்கும் 'டப் டப்' என்று சத்தம் வருகிறது. பூட்ஸிலிருந்து பிளேடு கழன்று தொங்குவது போலவும் இருக்கிறது.

அது க்ளாப் ஸ்கேட். முன்பாதத்தின் அடியில் மட்டும் ஒரு கீல், குதிகால் பக்கம் விட்டுவிடும். பழைய ஸ்கேட்டில் காலை முழுதாக நீட்டித் தள்ளினால் பிளேடின் முனை ஐஸில் குத்தும். அதனால் கணுக்காலை நீட்டாமலே தள்ளப் பழகியிருந்தார்கள். கீல் வந்ததும் குதிகால் எழும்பினாலும் பிளேடு முழுக்க ஐஸில் படுத்திருக்கிறது, தள்ளும் நேரம் நீள்கிறது. பிறகு ஸ்பிரிங் பிளேடைத் திரும்ப இழுக்கும், அந்தச் சத்தம்தான் நீங்கள் கேட்டது.

ஆம்ஸ்டர்டாமில் வ்ரையே பல்கலைக்கழகத்தில் கெரிட் யான் வான் இங்கன் ஸ்கெனாவ் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 1980களிலேயே இதை உருவாக்கிவிட்டது. பெரிய வீரர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1996-97 சீசனில் டச்சுப் பெண்கள் போட்டுக்கொண்டு ஜெயிக்க ஆரம்பித்தார்கள். 1998 நகானோ ஒலிம்பிக்கில் போடாதவர்களைத் தேட வேண்டியிருந்தது. லாங் ட்ராக்கில் மட்டும்தான் இது. ஷார்ட் ட்ராக்கில் அனுமதி இல்லை.

பிராம்ப்டனிலிருந்து ஒரு அம்மா: பிளேடு வெட்டிவிடும் என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் பிராட்பரிக்கு 1994இல் மான்ட்ரியல் போட்டியில் இன்னொருவரின் பிளேடு தொடையில் இறங்கியது. நான்கு லிட்டர் ரத்தம் போனது, 111 தையல். (சுற்றின் நீளமும் 111 மீட்டர் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.) 2000இல் கழுத்து எலும்பும் முறிந்தது. அதே ஆள்தான் 2002 சால்ட் லேக்கில் 1,000 மீட்டர் இறுதியில் முன்னால் போன நால்வரும் விழ, கடைசியில் வந்து தங்கம் வாங்கினார்.

இன்று வெட்டுப்படாத துணியில் உள்ளாடையும் முழு உடையும் வந்துவிட்டன. விலை அதிகம், பெரிய போட்டிக்கு வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்துக் கவசமும் கையுறையும் கட்டாயம். கிளப்பில் சேர்க்கும் முன் ரிங்கின் சுவரில் என்ன மெத்தை வைக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். மெல்லிசாக இருந்தால் வேறு கிளப்.

சென்னையிலிருந்து ஒரு அப்பா: பையன் இன்லைனில் (ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஸ்கேட்) மாநில அளவில் ஓடுகிறான். ஐஸுக்கு மாறினால் ஒலிம்பிக் வாய்ப்பு உண்டா?

இன்லைன் ஒலிம்பிக்கில் இல்லை என்பதால் உலகம் முழுக்க இந்தக் கேள்வி இருக்கிறது. ஃப்ளோரிடாவின் ஒகாலா ஊரைப் பாருங்கள். பனியே இல்லாத ஊர். அங்கே இன்லைனில் வளர்ந்த எரின் ஜாக்சன் 2017இல்தான் ஐஸுக்கு வந்தார், 2018 ஒலிம்பிக் அணியில் இருந்தார், 2022 பெய்ஜிங்கில் 500 மீட்டர் தங்கம். தேர்வுப் போட்டியில் அவர் கால் இடறியபோது, தன் இடத்தை விட்டுக்கொடுத்த பிரிட்டனி போவும் அதே ஒகாலாக்காரர்.

மூச்சும் தொடை பலமும் அப்படியே உதவும். நுட்பம் உதவாது. சக்கரம் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். பிளேடு பிடிக்காது, நேர் பக்கவாட்டில் தள்ளினால்தான் கடிக்கும், இன்னும் தாழ உட்கார வேண்டும். இன்லைன்காரர்கள் முதல் மாதம் குழந்தை போல விழுவார்கள்.

இன்னொன்று. உங்கள் ஊர் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் சக்கரத்திலேயே 1,000 மீட்டர் உலக சாம்பியன் ஆனார். ஐஸ்தான் உயர்ந்தது என்று பையனிடம் சொல்லிவிடாதீர்கள். ஆசை இருந்தால் டேராடூனில் 2011இல் கட்டி, பல வருடம் பூட்டிக் கிடந்த ஹிமாத்ரி ரிங்க் 2025இல் மறுபடி திறந்திருக்கிறது. ஒரு விடுமுறைக்குக் கூட்டிப்போய் ஓடவிட்டுப் பாருங்கள். கனடா அகாடமி விளம்பரங்களுக்குப் பணம் அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகு.

சிங்கப்பூரிலிருந்து: ஜேக்யூப் ரிங்க் 2023இல் மூடிவிட்டது. ஐஸ் இல்லாமல் எப்படிப் பயிற்சி செய்வது?

உங்கள் ஊரின் முதல் குளிர்கால ஒலிம்பிக் வீராங்கனை ஷயான் கோ சின்ன வயதில் இங்கே ஆல்பர்ட்டாவில்தான் ஸ்கேட்டிங் கற்றார். ஆக ஐஸ் ஒரு கட்டத்தில் வேண்டும், மறைக்க மாட்டேன். ஆனால் எங்கள் பிள்ளைகளும் மே முதல் ஆகஸ்ட் வரை அதிகம் ஐஸைத் தொடுவதில்லை. முழங்காலை மடித்துத் தாழ உட்கார்ந்தபடி நடப்பது, இடுப்பில் பெல்ட் கட்டி ஒருவர் பிடிக்க வளைவு போல சாய்ந்து தாண்டுவது, வழவழப் பலகையில் காலுறையோடு பக்கவாட்டில் சறுக்குவது, அப்புறம் சைக்கிள், சைக்கிள், சைக்கிள். சுவீடனின் நில்ஸ் வான் டெர் போல் 2022 ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய கையோடு தன் பயிற்சி முறையை எல்லோருக்கும் வெளியிட்டார். மாதக்கணக்கில் வாரம் முப்பது மணி நேரத்துக்கு மேல் பயிற்சி, பெரும்பகுதி சைக்கிள். வாரக் கடைசி இரண்டு நாள் முழு ஓய்வு. பிள்ளைகளுக்கு முப்பது மணி நேரம் வேண்டாம், அந்த ஓய்வை மட்டும் காப்பியடியுங்கள்.

மிசிசாகாவிலிருந்து: ஸ்கீயிங் மலிவா?

இல்லை. லிஃப்ட் டிக்கெட்டிலேயே மூச்சு வாங்கும். ஒரே ஆறுதல், பந்தயத்தில் ஸ்கீயின் அடியில் பூசும் ஃப்ளோரின் மெழுகை 2023-24 சீசனிலிருந்து தடை செய்துவிட்டார்கள். அந்தச் சின்ன டப்பாவின் விலை கேட்டால் தலை சுற்றும்.

கால்கரியிலேயே ஒருவர்: எனக்கு 42 வயது. பிள்ளைகளைக் கொண்டுவிட்டு வெளியே காபியோடு உட்கார்ந்திருக்கிறேன். நானும் ஓடலாமா?

தாராளமாக. 1988 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய ஓவல் (ஸ்பீட் ஸ்கேட்டிங் அரங்கம்) உங்கள் வாசலில் இருக்கிறது. ஊர் கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல், காற்று லேசு, அதனால்தான் வேகம் தேடி உலகமே இங்கே வருகிறது. ஓவலில் ஸ்கேட் வாடகைக்குக் கிடைக்கும், பெரியவர்களுக்கு வகுப்பும் உண்டு. முதல் நாள் கணுக்கால் வலிக்கும், இரண்டாம் நாள் இடுப்பு. பின்பக்கம் கொஞ்சம் தடித்த பேன்ட்டாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.