டாஃபி, கார்வ், கார்க்: வானில் குதிக்கிறவர்களின் பேச்சு

ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "இதுவரை விமானத்திலிருந்து பாராசூட்டோடு 70 முறை குதித்திருக்கிறேன். எல்லாமே வயிறு கீழே பார்க்க விழும் பெல்லி வகைதான். இப்போது விழும்போதே வித்தை காட்டும் ஃப்ரீஸ்டைல், உட்கார்ந்தும் தலைகீழாகவும் விழும் ஃப்ரீஃப்ளை பக்கம் வந்திருக்கிறேன். விமானம் ஏறும் முன் நடக்கும் பேச்சில் டாஃபி, கார்வ், அவுட்ஃபேஸ், கார்க் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். பாதி புரிவதில்லை. தலையை ஆட்டிவிட்டு ஏறிவிடுகிறேன். எதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்? அடுத்த முறை டோட்டம் செய்யலாம் வா என்கிறார்கள். போகலாமா?"

தலையை ஆட்டிவிட்டு ஏறுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தப் பேச்சில் வரும் ஒவ்வொரு சொல்லும், அடுத்த சில நொடிகளில் நான் எங்கே இருப்பேன், எந்த வேகத்தில் விழுவேன் என்று பக்கத்தில் விழுகிறவருக்கு நீங்கள் கொடுக்கும் வாக்கு. அவர் அதை நம்பித்தான் தன் இடத்தில் நிற்கிறார்.

சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் மேலே போனதும் ஒன்றும் ஞாபகம் வராது. ஒரு சொல்லைக் கேட்டதும் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பாருங்கள். உடம்பு எப்படி நிற்கிறது? கைகாலின் வடிவம் என்ன? எந்தப் பாதையில் நகர்கிறோம்? கெட்டுப்போனால் என்ன ஆகும்? குழப்பத்தில் பெரும்பகுதி முதல் இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

உடம்பு நிற்கும் விதத்துக்கு ஐந்தாறு சொற்கள்தான். பெல்லி உங்களுக்குத் தெரியும். முதுகு கீழே இருந்தால் பேக்-ஃப்ளை. நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி தொடையை மடக்கி விழுந்தால் சிட்-ஃப்ளை. நின்ற மேனிக்கு விழுந்தால் ஸ்டாண்ட்-அப். இந்த இரண்டையும் சேர்த்து ஹெட்-அப் என்பார்கள். தலை கீழே போனால் ஹெட்-டவுன். இவற்றோடு வேகத்தையும் சேர்த்தே மனதில் வையுங்கள். பெல்லியில் மணிக்கு ஏறத்தாழ 190 முதல் 200 கிலோமீட்டர். சிட் அதைவிட வேகம். ஹெட்-டவுனில் 250, 280 என்று போகும். ஒரே நேரத்தில் விமானத்தை விட்டு இறங்கிய இரண்டு பேர் வேறு வேறு நிலையில் இருந்தால், ஒருவர் மற்றவரைக் கீழே விட்டுவிட்டு மேலே போவது போலத் தெரியும். உண்மையில் இருவரும் விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

டாஃபி, ஸ்ட்ராடில் எல்லாம் காலின் வடிவத்தை மட்டும் சொல்லும் சொற்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீண்டால் டாஃபி. இது பனிச்சறுக்கு ஆட்டக்காரர்களின் சொல். அவர்கள் காற்றில் எழும்பி ஒரு பலகையை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டும் வித்தைக்கு அந்தப் பெயர். கால்களை இரண்டு பக்கமும் அகட்டினால் ஸ்ட்ராடில். ஹெட்-டவுன் கற்கும்போது இரண்டும் வரும். டாஃபியில் முன்னும் பின்னும் காற்று பிடிக்கும், ஸ்ட்ராடிலில் பக்கவாட்டில் பிடிக்கும். எதில் தொடங்குவது என்பதில் பயிற்சியாளர்களிடம் ஒரே கருத்து கிடையாது. உங்களுக்குச் சொல்லித்தருகிறவர் எதைச் சொல்கிறாரோ அதிலேயே நில்லுங்கள். ஆனால் யாராவது வெறுமனே "டாஃபி" என்றால், "தலை மேலேயா, கீழேயா?" என்று கேட்க வேண்டும். அந்தச் சொல்லுக்குள் அதற்குப் பதில் இல்லை.

மற்ற வடிவச் சொற்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல் குளத்து டைவிங், பாலே நடனம் ஆகியவற்றிலிருந்து வந்தவை. முட்டியை நெஞ்சோடு சேர்த்து உருண்டால் டக். கால் நேராக இருக்க இடுப்பில் மட்டும் மடிந்தால் பைக். உடம்பை முழுக்க நீட்டியே குட்டிக்கரணம் போட்டால் லேஅவுட். ஒரு முட்டி மடிந்து மறுகால் நீண்டிருந்தால் ஸ்டேக். நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுழன்றால் பிரூயெட். ஃப்ரீஸ்டைலில் இப்படிப்பட்ட சொற்கள் குவிந்ததற்குக் காரணம் அந்தப் போட்டியின் அமைப்பு. ஆடுகிறவர் ஒருவர், கேமரா பிடிக்கிறவர் ஒருவர், அவ்வளவுதான் அணி. 45 நொடிக்குள் ஆடியதைத்தான் நடுவர்கள் பதிவில் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். விரல் நீண்டதா, கால் நேராக இருந்ததா என்பதெல்லாம் கணக்கில் வரும். அதனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது.

ஃப்ரீஃப்ளையில் கேமராவைத் தவிர இரண்டு பேர் ஆடுகிறார்கள். அங்கே ஒருவருக்கொருவர் எப்படி நகர்கிறார்கள் என்பதுதான் விஷயம். 1990-களில் அதை வளர்த்தெடுத்தவர்களில் முன்னணியில் இருந்த ஓலாவ் ஜிப்ஸர், 'ஸ்பேஸ் பால்' என்று ஈயக் குண்டு அடைத்த ஒரு பந்தோடு குதித்துப் பயிற்சி கொடுத்தார். பந்து ஒரே வேகத்தில் விழும், அதன் பக்கத்திலேயே நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஃப்ரீஃப்ளைக்காரர்கள் வாயில் 'லெவல்', 'ஃபால் ரேட்' என்ற சொற்கள் ஓயாமல் வருவதற்கும் இதுதான் காரணம். லெவல் என்றால் இருவரும் ஒரே உயரத்தில் இருப்பது. ஃபால் ரேட் என்றால் விழும் வேகம்.

அடுத்தது பாதை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

டர்ன் என்றால் இருந்த இடத்திலேயே திரும்புவது. கார்வ் என்றால் ஒரு மையத்தைச் சுற்றி வளைந்து போவது. மையத்தில் பெரும்பாலும் உங்கள் கூட்டாளி இருப்பார், அல்லது இருவருக்கும் நடுவிலுள்ள வெற்றிடம் மையமாக இருக்கும். முகம் மையத்தைப் பார்த்தபடி போனால் இன்ஃபேஸ், முதுகைக் காட்டியபடி போனால் அவுட்ஃபேஸ். முன்னோக்கியோ பின்னோக்கியோ புரண்டு நிலை மாறினால் ஃப்ளிப், பக்கவாட்டில் சக்கரம் போல மாறினால் கார்ட்வீல். படுத்த நிலையில் உடம்பின் நீளவாக்கு அச்சில் உருண்டால் பேரல் ரோல். ஒருவர் மற்றவரின் தலைக்கு மேலாகவும் காலுக்குக் கீழாகவும் செங்குத்தான வட்டம் போட்டு வந்தால் அது ஈகிள். ஈகிள் உங்களுக்கு இன்னும் வெகுதூரம்.

இப்போது "இருவரும் இடதுபக்கம் கார்வ்" என்று பேசிக்கொள்கிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் இருவரும் ஹெட்-அப், எதிரெதிரே முகம் பார்த்து நிற்கிறீர்கள். நீங்கள் உங்கள் இடதுபக்கம் நகர, அவர் அவருடைய இடதுபக்கம் நகர, இருவரும் ஒரே வட்டத்தில் ஒருவரை ஒருவர் துரத்துவது போலச் சுற்றுவீர்கள். இடைவெளி மாறாது. இருவரும் ஹெட்-டவுன் என்றாலும் இதே கதைதான். ஆனால் நீங்கள் ஹெட்-அப், அவர் மட்டும் ஹெட்-டவுன் என்றால்? அவர் தலைகீழாக இருப்பதால் அவருடைய இடது கை, உங்கள் இடது கை இருக்கும் அதே பக்கத்துக்கு வந்துவிடுகிறது. இருவரும் சொன்னபடி இடதுபக்கம் போனால் வட்டத்தின் ஒரே ஓரத்தில் நேருக்கு நேர் வந்து நிற்பீர்கள். இருவரும் சொன்னதைத்தான் செய்தீர்கள், ஆனாலும் மோதல்.

நான் பழகத் தொடங்கிய காலத்தில் எனக்கு இது நடந்தது. தரையில் மூன்று தடவை நடந்து பார்த்தோம், அழகாக வந்தது. தரையில் இருவருமே நின்றுகொண்டுதானே நடந்தோம்! மேலே போனதும் நான் ஹெட்-டவுனுக்குப் போனேன், இடதுபக்கம் நகர்ந்தேன், என் கூட்டாளியின் முட்டி என் தோளில் பட்டது. நல்லவேளையாக இருவருமே மெதுவாகத்தான் நகர்ந்தோம். அன்றிலிருந்து கலப்பு நிலையில் இடது, வலது என்ற பேச்சே என் வாயில் வராது. "மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று" என்பேன், அல்லது கையை நீட்டி, "அந்த மரத்துப் பக்கம்" என்பேன். இப்படித் தரையில் நடந்து ஒத்திகை பார்ப்பதற்கு டர்ட் டைவ் என்று பெயர். தலைகீழாக இருக்கப்போகிறவர் அப்போது வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் நடந்து காட்டட்டும். முதலில் விசித்திரமாகத் தெரியும், அப்புறம் பழகிவிடும்.

இன்றே தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு சொல் எது என்று கேட்டால், கார்க் என்பேன். தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்த தக்கையை விட்டால் என்ன ஆகும்? குபுக்கென்று மேலே வரும். சிட்டிலோ ஹெட்-டவுனிலோ இருக்கும் ஒருவர் நிலைதடுமாறி, பழக்க தோஷத்தில் கைகாலை விரித்துப் பெல்லிக்கு வந்துவிட்டால் அதேதான் நடக்கும். அவருடைய வேகம் சட்டென்று குறையும். மற்றவர்கள் பழைய வேகத்திலேயே விழுவார்கள். மணிக்கு 70 கிலோமீட்டர் வித்தியாசம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர். கார்க் ஆனவருக்கு மேலே யாராவது இருந்தால் அந்த வேகத்தில் இருவரும் மோதிக்கொள்வார்கள். எலும்பு முறியும், நினைவு தப்பும், உயிரும் போகலாம்.

உங்களைப் போல 70 குதிப்பு பெல்லியில் செய்தவருக்கு இந்த ஆபத்து கூடுதல். "தடுமாறினால் வயிற்றைக் கீழே கொண்டுவா" என்றுதான் உங்கள் உடம்புக்கு முதல் நாளிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கூட்டத்தில் சிட் பழகும்போது அந்தப் பாடத்தை மாற்ற வேண்டும். தடுமாறினால் வேகத்தை விடாமல் இருக்கும் வழியைத்தான் தேட வேண்டும். முட்டியை மடக்கி டக் நிலைக்குப் போய், அங்கிருந்து மறுபடி சிட்டுக்கு வரச் சொல்கிறவர்கள் உண்டு. உங்கள் பயிற்சியாளரிடம், "நான் கார்க் ஆகிற மாதிரி இருந்தால் என்ன செய்யணும்?" என்று இதே சொற்களில் கேளுங்கள். அப்புறம், யார் தலைக்கு மேலேயும் நேராக நிற்காதீர்கள், உங்கள் தலைக்கு மேல் யாரையும் நிற்க விடாதீர்கள்.

தலைக்கு மேல் நிற்பதில் இன்னொரு சங்கடம் பர்பிள். ஒருவருடைய உடம்புக்கு மேலே காற்று கலங்கிப்போய்ப் பிடிமானம் இல்லாமல் இருக்கும் பகுதிக்கு அந்தப் பெயர். காதில் நிறத்தின் பெயர் போல விழும், புதியவர்கள் பலர் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். அதற்குள் நுழைந்தால் கீழே இருப்பவர்மேல் பொத்தென்று விழுவீர்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கை கொடுத்துப் பிடிக்கும் அளவுக்கு நெருங்கிச் சேர்வது டாக், பிடிப்பது கிரிப். கூட்டாளியின் தலையில் கை வைக்கும் பிடிக்கு ஸ்பாக் என்று பெயர், முன்னால் இருப்பவரின் காலைப் பிடித்தால் கேட். கட்டிய அமைப்பு சரிந்து எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தால் ஃபனல். திட்டம் கலைந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டால் ஜூ டைவ். மற்றவர்களைவிடக் கீழே போய்விட்டவரை 'லோ' போய்விட்டார் என்பார்கள். பிரேக்-ஆஃப் என்றால் ஆட்டத்தை முடித்துப் பிரியும் உயரம். ஃப்ரீஃப்ளையில் இதைக் கொஞ்சம் மேலேயே, 5,000 அடி வாக்கில், வைத்துக்கொள்வது வழக்கம். பிரிந்த பிறகு ட்ராக், அதாவது உடம்பை நீட்டி மற்றவர்களிடமிருந்து விலகிப் பறப்பது. வேகத்தையும் குறைத்தால்தான் பாராசூட்டைப் பத்திரமாகத் திறக்க முடியும். திறப்பதற்கு முன் இரண்டு கையையும் ஆட்டிக் காட்டுவது வேவ்-ஆஃப்.

ஜம்ப் ரன் என்பது உங்களை இறக்கிவிடும்போது விமானம் போகும் கோடு. சிட் பழகுகிறவர்கள் தெரியாமலே முன்னாலோ பின்னாலோ வழுக்கிப் போவார்கள். அந்தக் கோட்டின் திசையில் வழுக்கினால் அடுத்து குதித்த குழுவின் கீழே போய் நிற்பீர்கள். ஆகவே முகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே திருப்பி வையுங்கள்.

"உன் ரிக் ஃப்ரீஃப்ளை ஃப்ரெண்ட்லியா?" என்ற கேள்வியும் வரும். ரிக் என்றால் பாராசூட்டும் அதை வைக்கும் பையும் வார்களும் சேர்ந்தது. முதுகிலுள்ள பையின் மூடிகளும், பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் சிறு பாராசூட்டான பைலட் சூட்டைச் செருகும் பையும், காலில் மாட்டும் வாரும் தலைகீழ் வேகத்திலும் அசையாமல் நிற்குமா என்று கேட்கிறார்கள். மணிக்கு 250 கிலோமீட்டரில் பாராசூட் தானாகத் திறந்துகொண்டால் உடம்பு தாங்காது, துணியும் கிழியலாம். பாராசூட்டைச் சரிபார்த்து மடிக்கும் ரிக்கரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு பறக்கப் போங்கள். தலைகீழாக இருக்கும்போது மணிக்கட்டிலுள்ள உயரம் காட்டும் மீட்டரைப் பார்ப்பதும் கஷ்டம், நேரமும் குறைவு. பெல்லியில் ஒரு நிமிடம் கிடைத்த உயரத்தில் இங்கே 45 நொடிதான். குறித்த உயரம் வந்ததும் ஹெல்மெட்டுக்குள் காதருகே ஒலிக்கும் ஆடிபிள் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

கடைசியாக டோட்டம். ஒருவர் ஹெட்-அப்பில் விழ, மற்றவர் அவருடைய தோளில் காலை வைத்து நிற்பதுதான் டோட்டம். படத்தில் பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் மேலே நிற்கிறவர் முழுக்கக் கீழே இருப்பவரின் பர்பிளுக்குள் இருக்கிறார். கீழே இருப்பவர் ஒரு கணம் கார்க் ஆனால் மேலே இருப்பவரின் காலில் போய் இடிப்பார். யார் தலைக்கு மேலேயும் நிற்காதே என்று சற்று முன் சொன்னேன், இந்த ஆட்டமே அந்த இடத்தில்தான் நடக்கிறது. அடுத்த முறை வேண்டாம். ஒரே ஒரு அனுபவசாலியோடு சிட்டில் போங்கள், எதிரெதிரே லெவலில் நில்லுங்கள், கைக்கு எட்டும் தூரம் வரை மெதுவாக நெருங்கி ஒரு டாக், விட்டு ஒரு டர்ன், மறுபடி ஒரு டாக். இது மூன்று குதிப்பில் தொடர்ந்து தடுமாறாமல் வந்த பிறகு, இருவரும் ஹெட்-அப்பில் கார்வ் போட்டுப் பாருங்கள். டோட்டத்துக்குக் கூப்பிட்டவரிடம், "கீழே நிற்கப்போவது யார், அவர் கடைசியாக எப்போது கார்க் ஆனார்?" என்று கேளுங்கள்.