வாசகர் கேள்வி – பதில்: பள்ளியை நம்பி வரும் பிள்ளைகள்

கேள்வி: என் மகள் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய மகன் என்னிடம் வளர்கிறான். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். தகப்பன் இருக்குமிடம் தெரியவில்லை. கட்டணம் பாக்கி என்று சொல்லிப் பள்ளியில் அவனுடைய மதிப்பெண் அறிக்கையைக் கொடுக்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு வாரமாக அவன் வீட்டிலேயே இருக்கிறான். எனக்கு முதியோர் உதவித்தொகையைத் தவிர வேறு வருமானம் இல்லை. என்ன செய்வது?
– ஒரு பாட்டி, சாட்ஸ்வர்த், டர்பன் (தென்னாப்பிரிக்கா)

பதில்: அம்மா, பேரனை நாளைக் காலையே பள்ளிக்கு அனுப்புங்கள். கட்டணப் பாக்கி பெரியவர்களுக்குள் தீர்க்கவேண்டிய கணக்கு. அதைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதைச் சட்டமே தடுக்கிறது. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டப்படி, கட்டணம் கட்டவில்லை என்பதற்காக அரசுப் பள்ளி எதுவும் பிள்ளைக்கு இடம் மறுக்கவோ, வகுப்பிலிருந்து நிறுத்தவோ, பிறர் முன் அவமானப்படுத்தவோ, மதிப்பெண் அறிக்கையைப் பிடித்துவைக்கவோ கூடாது.

அடுத்து, கட்டண விலக்குக்கான விண்ணப்பப் படிவத்தைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். பேரனுக்காகக் குழந்தை ஆதரவு உதவித்தொகையை நீங்கள் பெற்றுவந்தால், முழு விலக்குக்கு அதுவே போதும். பெறவில்லையென்றால், உங்கள் அடையாள அட்டை, பேரனின் பிறப்புச் சான்றிதழ், மகளின் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுடன், அரசின் உதவித்தொகைகளை வழங்கும் சாசா அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வளர்ப்பவர் பாட்டியாக இருந்தாலும் அத்தொகையைக் கோரலாம். பள்ளி நிர்வாகக் குழு விலக்கு தர மறுத்தால், 30 நாள்களுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பேரனின் வெட்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தியாவிலிருந்து வந்து கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் தங்கள் சொற்ப வருமானத்திலிருந்து பணம் திரட்டி, அரசு தன் பங்கைத் தரும் முன்பே தங்கள் பங்கை வைத்து எழுப்பிய பள்ளிகள் நேட்டால் மாகாணத்தில் பல. அப்படிப்பட்டவர்களின் வழிவந்த பிள்ளை பள்ளிக்குள் தலைகுனிந்து நுழையவேண்டியதில்லை என்று அவனிடம் சொல்லுங்கள்.

மதிய உணவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் சொல்கிறேன். அரசின் உணவுத் திட்டம் 1994இல் தொடங்கியது. வறுமையைக் கணக்கிட்டு அரசு பள்ளிகளைப் பிரித்துள்ள ஐந்து படிநிலைகளில் கீழ் மூன்றில் உள்ள பள்ளிகளுக்கே அது பெரும்பாலும் செல்கிறது. அந்தப் படிநிலையோ பள்ளி அமைந்த வட்டாரத்தைப் பார்த்து வகுக்கப்படுவதே தவிர, குடும்பத்தின் அடுப்பைப் பார்த்து அல்ல. ஆகவே, வசதியான வட்டாரம் என்று கணக்கிடப்பட்ட இடத்திலும் பசியோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. வகுப்பாசிரியரிடம் தயங்காமல் பேசுங்கள்.

கேள்வி: என் வகுப்பு மாணவி ஒருத்தியின் கைகளில் அடிக்கடி காயங்களைப் பார்க்கிறேன். கேட்டால் விழுந்துவிட்டேன் என்கிறாள். தவறாகச் சந்தேகப்பட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அஞ்சுகிறேன்.
– ஓர் ஆசிரியை, ஃபீனிக்ஸ்

பதில்: உங்கள் அச்சம் இயல்பானது; ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல. 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் 110ஆவது பிரிவு, ஒரு பிள்ளை அடிபட்டோ, பாலியல் கொடுமைக்கு உள்ளாகியோ, வேண்டுமென்றே கவனிப்பின்றி விடப்பட்டோ இருப்பதாக நியாயமான காரணத்துடன் கருதும் ஆசிரியர் அதைத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. நல்லெண்ணத்துடன் தெரிவிப்பவர்மீது நட்டஈட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. இதற்கான புகார்ப் படிவமான படிவம் 22ஐ நிரப்பி, சமூக மேம்பாட்டுத் துறையிடமோ, அங்கீகாரம் பெற்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ, காவல் நிலையத்திலோ கொடுங்கள். வழி தெரியாமல் தவித்தால், பிள்ளைகளுக்கான உதவி அமைப்பான சைல்ட்லைனின் 116 என்ற இலவச எண்ணை அழையுங்கள். அந்த மாணவியும் அழைக்கலாம்.

அவளைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவள் சொல்வதை அவள் சொற்களிலேயே, தேதியுடன் எழுதிவையுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உங்களால் காப்பாற்ற முடியாத அந்த வாக்கு முறியும்போது அவள் உங்களையும் இழந்துவிடுவாள். பெற்றோரை அழைத்து முதலில் விசாரித்துப் பார்க்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அன்றிரவு அவள் அதே வீட்டுக்குத்தான் திரும்பவேண்டியிருக்கும். புகார் கொடுத்த பின்னரும், ஒவ்வொரு நாளும் முன்போலவே அவளிடம் பேசுங்கள். விசாரணை நடக்கும் மாதங்களில் மாறாத முகம் ஒன்றேனும் அவளுக்கு வேண்டும்.

கேள்வி: எங்கள் கோயில் சங்கம் ஏழை மாணவர்களுக்கு உதவ விரும்புகிறது. மேடையில் புத்தகப்பை வழங்கலாமா?
– ஒரு வாசகர், மெர்பேங்க்

பதில்: பை கொடுங்கள், மேடை வேண்டாம். பள்ளியிடமே பட்டியல் கேட்டு, பெயர் வெளியே தெரியாமல் கொடுங்கள். பேருந்துக் கட்டணமும் மாதவிடாய் அணையாடையும் இல்லாமல் பள்ளிக்கு வராத பிள்ளைகள் இருக்கிறார்கள், அதையும் கேளுங்கள். பிற்பகலில் கோயில் மண்டபத்தைப் பாடம் படிக்கத் திறந்துவிட்டால் இன்னும் நல்லது. ஆனால், அங்கே பிள்ளைகளுடன் இருக்கப்போகும் ஒவ்வொருவரின் பெயரும், பிள்ளைகளுடன் பணியாற்றத் தகுதியற்றவர்களைப் பட்டியலிடும் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் இல்லை என்பதைப் படிவம் 30 மூலம் உறுதிசெய்த பிறகே மண்டபத்தைத் திறங்கள்.