இரு கோடுகள் சமாந்தரம் என நிறுவும்போது என் மகள் எங்கே பிழைக்கிறாள்?

கேள்வி: தரம் 9 படிக்கும் என் மகள், கோணத்தின் பெறுமானத்தைக் காணச் சொன்னால் ஓடி ஓடிச் செய்கிறாள். ‘இக்கோடுகள் சமாந்தரமானவை என நிறுவுக’ என்று வந்தால் பாதிப் புள்ளிதான். ‘காரணம் பிழை’ என்று சிவப்பில் எழுதி வருகிறது. என்ன பிழை?

அனேகமாக அவள் எழுதியிருப்பது இதுதான்: ‘சமாந்தரக் கோடுகள் என்பதால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமன். ஆகவே கோடுகள் சமாந்தரம்.’ (இரு கோடுகளுக்கும் இடையில், குறுக்கே வெட்டும் கோட்டின் மாறுபட்ட பக்கங்களில், வெவ்வேறு வெட்டுப்புள்ளிகளில் நிற்கும் சோடிதான் ஒன்றுவிட்ட கோணங்கள்.) யாழ்ப்பாணம் கோண்டாவிலில் பின்னேர வகுப்பு நடத்துகிறேன், இந்த வரியைத் திருத்தாமல் எனக்கு ஒரு வருடமும் போவதில்லை. எதை நிறுவச் சொன்னார்களோ அதையே காரணமாக உள்ளே வைத்துவிட்டாள்.

போன தவணை ஒரு பிள்ளையின் கொப்பியில் இதைச் சுழித்தேன். “ரீச்சர், ரெண்டும் ஒண்டுதானே?” என்று கேட்டாள். “இஞ்சை பார் பிள்ளை, தரவிலை எங்கை சமாந்தரம் எண்டு கிடக்கு? காட்டு பாப்பம்” என்றேன். படத்தை விரலால் தடவித் தேடினாள். இரு கோடுகளையும் வெட்டும் குறுக்கோடி ஒன்று, உட்புறமாக மேல் கோட்டுடன் 68 பாகை, அதே பக்கத்தில் கீழ்க் கோட்டுடன் 112 பாகை. அவ்வளவுதான் இருந்தது. “அப்ப இந்த ரெண்டையும் கூட்டத்தான் வேணும்” என்று தானே சொன்னாள். கூட்டினால் 180. இப்படி இரு கோடுகளுக்கும் இடையில் குறுக்கோடியின் ஒரே பக்கத்தில் நிற்பவைதான் நேயக் கோணங்கள். நேயக் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை, ஆகவே கோடுகள் சமாந்தரம். முழுப் புள்ளியும் அந்த ஒரு வரிக்குத்தான்.

தேற்றம் வேறு, அதைத் திருப்பிச் சொல்லும் மறுதலை வேறு. கோடுகள் சமாந்தரம் என்று தந்திருந்தால் தேற்றத்தைக் கொண்டு கோணங்களுக்குப் போகலாம். கோணங்கள்தான் தெரியும் என்றால் மறுதலையைக் கொண்டு சமாந்தரத்துக்கு வரலாம். ஒத்த கோணங்கள் (இரண்டு வெட்டுப்புள்ளிகளிலும் ஒரே மூலையில் நிற்பவை) ஒரு சோடி சமன், அல்லது ஒன்றுவிட்ட கோணங்கள் ஒரு சோடி சமன், அல்லது நேயக் கோணங்கள் ஒரு சோடி சேர்ந்து 180 பாகை. மூன்றில் ஒன்று போதும். ஒரே வெட்டுப்புள்ளியில் எதிரெதிரே நிற்கும் குத்தெதிர்க் கோணங்கள் மட்டும் இதற்கு உதவாது. எந்த இரண்டு கோடுகள் வெட்டினாலும் அவை சமன்தான்.

நான் இதை விளங்கிக்கொண்டது புத்தகத்தில் இருந்து அல்ல. சமாந்தரக் கோட்டுக்கு எங்களுக்குச் சொல்லித்தந்த உதாரணம் தண்டவாளம். தொண்ணூறுகளில் படித்த எங்களுக்குத் தண்டவாளம் எங்கே? யுத்தத்தால் 1990இல் நின்ற ரயில் 2014இல்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. படத்தில்தான் பார்த்தோம், படத்திலோ இரண்டு தண்டவாளமும் தூரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றன!

என் அப்பா தச்சு வேலை செய்தவர். இரண்டு தகடுகளை ஓர் ஆணியில் பூட்டி இறுக்கிய சின்னக் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. கூரைச் சாய்வுக்கு வேண்டிய கோணத்தில் அதை விரித்து இறுக்குவார். ஒரு தகட்டைப் பலகையின் விளிம்போடு அணைத்து, மற்றத் தகட்டின் ஓரமாகப் பென்சிலால் ஒரு கீறு. அப்படியே விளிம்பு வழியே தள்ளி அடுத்த கீறு. கீறுகளுக்கு இடையில் தூரம் சரிதானா என்று அவர் ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை. விளிம்புதான் குறுக்கோடி, கருவி தூக்கிக்கொண்டு போவது ஒத்த கோணம். உங்கள் மகள் அடிமட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூலைமட்டத்தை நகர்த்திச் சமாந்தரக் கோடு வரைகிறாளே, அதுவும் இதேதான். இன்றைக்கு ஒருக்கால் வரையச் சொல்லி, ‘இதில் எந்தக் கோணம் மாறாமல் நிற்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள்.

‘பார்த்தாலே சமாந்தரம்தானே, எதற்கு நிறுவ வேண்டும்?’ என்றும் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. மேலே சொன்ன 112ஐ 111 ஆக்குங்கள். குறுக்கோடியில் இரண்டு வெட்டுப்புள்ளிகளுக்கும் இடையில் 10 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். அந்தக் கோடுகள் சந்திக்கும், ஆனால் 5 மீற்றருக்கும் அப்பால். கொப்பித் தாளில் அது சமாந்தரமாகவே தெரியும். பாகைமானியை ஒரு மயிரிழை தள்ளி வைத்தாலும் ஒரு பாகை பிசகிவிடும். கண்ணையும் பாகைமானியையும் நம்பி ‘ஒருபோதும் சந்திக்காது’ என்று எப்படிச் சொல்வது?

கி.மு. 300 அளவில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்கிளிட் இதை நிறுவிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்றுவிட்ட கோணங்கள் சமனாக இருந்தும் கோடுகள் எங்கோ சந்திக்கின்றன என்று வைப்போம். அப்போது ஒரு முக்கோணி உண்டாகும். அந்தச் சம கோணங்களில் ஒன்று அதன் புறக்கோணம் (பக்கத்தை நீட்டினால் வெளியே வரும் கோணம்), மற்றது அகத்தெதிர்க் கோணம் (அதற்கு எதிரே முக்கோணிக்குள் இருக்கும் கோணம்). புறக்கோணம் எப்போதும் அகத்தெதிர்க் கோணத்தை விடப் பெரிது. சமனாக இருக்க முடியாது. ஆகவே கோடுகள் சந்திக்கவே முடியாது. இது அவருடைய ‘Elements’ என்ற நூலின் முதற் பாகத்தில் 27ஆவது நிறுவல். தேற்றத்தை, அதாவது சமாந்தரத்தில் இருந்து கோணத்துக்குப் போவதை, 29ஆவதாகத் தனியே வைத்தார். அதற்குத்தான் தன் ஐந்தாம் எடுகோளை (நிறுவாமலே ஏற்றுக்கொண்ட கூற்றுகளில் ஐந்தாவதை) முதன்முதலாகக் கையில் எடுக்கிறார், 27க்கு அது தேவைப்படவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் அவர் ஏன் இரண்டு தரம் நிறுவ வேண்டும்?

வீட்டில் பயிற்சிக்கு ஒரு கணக்குத் தருகிறேன். இரண்டு சமாந்தரக் கோடுகளை ஒரு குறுக்கோடி வெட்டுகிறது. ஒன்றுவிட்ட கோணங்கள் ஒரு சோடியை எடுத்து, இரண்டுக்கும் கோண இருகூறாக்கி (கோணத்தைச் சரிபாதியாக்கும் கோடு) வரைந்து, அந்த இருகூறாக்கிகள் சமாந்தரமானவை என நிறுவச் சொல்லுங்கள். முதல் வரியில் ‘ஒன்றுவிட்ட கோணங்கள், சமாந்தரக் கோடுகள்’ என்ற காரணம் வர வேண்டும். பாதிக்குப் பாதி சமன் என்பது நடுவில். கடைசி வரியில் ‘ஒன்றுவிட்ட கோணங்கள் சமன்’ என்பது மட்டும், சமாந்தரம் என்ற சொல் காரணத்துக்குள் வரவே கூடாது. அதைச் சரியாகச் செய்துவிட்டால், ஒன்றுவிட்ட கோணங்களுக்குப் பதிலாக நேயக் கோணங்களை எடுக்கச் சொல்லுங்கள். இந்தமுறை இருகூறாக்கிகள் 90 பாகையில் வெட்டிக்கொள்ளும். ஏன் என்று அவளே சொல்லட்டும்.