தேய்ந்த குழலுக்குக் குண்டின் விட்டமே முதல் கேள்வி

1873 மாடல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஒற்றைத் தோட்டா ரைபிளில், கடையில் வாங்கிய தோட்டாவால் சுடும்போது இலக்கில் வட்டத் துளைக்குப் பதில் குண்டு பக்கவாட்டில் புகுந்த நீள்துளை விழுவதாக எழுதியிருந்தீர்கள். குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களை அது பற்றாமல் வழுக்கிச் செல்கிறது என்பதே பெரும்பாலும் இதற்குப் பொருள்.

தோட்டா வாங்குமுன் குழலை அளந்துவிடுங்கள். எண்ணெய் தடவிய மென்மையான ஈயக்கட்டியைக் குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தள்ளி, வெளிவந்ததை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும்; ஆனால் இந்தத் துப்பாக்கியில் 3 பள்ளங்களே இருப்பதால் ஒன்றுக்கு எதிரே இன்னொன்று அமையாது, ஆகவே தட்டை முனை மைக்ரோமீட்டர் குறைத்தே காட்டும், வி வடிவத் தாங்கி உள்ளதே சரி. (நானும் முதலில் இதில் ஏமாந்தவன்தான்.) இந்த ரைபிளின் தோட்டா வகையான .45-70-க்குக் கடையில் கிடைக்கும் குண்டுகள் பொதுவாக 0.458 அங்குலம், பழைய குழல்களோ 0.460-ஐத் தாண்டுவதுண்டு.

அளந்த பள்ள விட்டத்தைவிட 0.001 அல்லது 0.002 அங்குலம் பெரிய, 20 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் கலந்த மென்குண்டைத் தேர்ந்தெடுங்கள்; அந்தப் பருமனில் தோட்டா தடையின்றி அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) நுழைகிறதா என்பதையும் பாருங்கள். கருமருந்தின் (பழைய வகை வெடிமருந்து) உந்துதலில் மென்குண்டின் அடிப்பகுதி விரிந்து பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். செம்பு உறையிட்ட குண்டு வேண்டாம். நவீன ரைபிள்களுக்கான உயர் அழுத்தத் தோட்டாவை இதில் போடவே கூடாது, குழலின் பின்புறத்தை மூடும் பூட்டு தாங்காது. மறுபடி சுடுவதற்கு முன் துப்பாக்கிப் பழுதாளர் ஒருவரிடம் பூட்டையும் அறையையும் காட்டிவிடுங்கள்.