ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு புத்தகம்

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கனடாவுக்கு வந்து 16 வருடம் ஆகிறது. மகளுக்கு 12 வயது, கத்தோலிக்கப் பள்ளியில்தான் படிக்கிறாள். அடுத்த வருடம் உறுதிப்பூசுதல் சடங்கு. போன வாரம் நூலகத்தில் இருந்து ‘தி கோல்டன் காம்பஸ்’ என்ற நாவலை எடுத்து வந்தாள். சாப்பிடும்போதும் கையில் அதுதான். வருகிற சனிக்கிழமை தோழி வீட்டில் எல்லோருமாக அந்தப் படத்தையும் பார்க்கப் போகிறார்களாம். இதற்குள் எங்கள் பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: “பிள்ளைகள் கடவுளைக் கொல்லும் கதை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடவே ஒரு பேய். எழுதியவர் நாத்திகர். உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்.” என் கணவர் புத்தகத்தைப் பிடுங்கி ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டார். மகள் இரண்டு நாளாக அவருடன் பேசவில்லை. எனக்கு ஆங்கில நாவல் படித்துப் பழக்கம் இல்லை. அந்தச் செய்தி உண்மையா? பிள்ளையைப் படத்துக்கு அனுப்பலாமா?
— ஒரு தாய், ஒன்டாரியோ

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் குழுவுக்கு வந்த செய்தி பழைய சரக்கு. 2007-ல் அந்தப் படம் வந்தபோது இதே சாரத்தில் ஒரு மின்னஞ்சல் அமெரிக்கா முழுக்கச் சுற்றியது. அதற்காக அதைப் பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அதில் உண்மையும் இருக்கிறது, பிழையும் இருக்கிறது.

எழுதியவர் நாத்திகர் என்பது உண்மை. பிலிப் புல்மன் அதை ஒருநாளும் ஒளித்ததில்லை. அவருடைய பாட்டனார் ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர். சிறுவயதில் கோயிலும் வேதாகமமுமாக வளர்ந்த பிள்ளைதான் அவர். கிறிஸ்தவ நம்பிக்கையின் அடித்தளத்தை ஆட்டிப் பார்ப்பதே தன் நோக்கம் என்று 2001-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையிடம் அவரே சொன்னார். கதையில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகும் அமைப்புக்கு அவர் வைத்த பெயர் ‘மேஜிஸ்டீரியம்’. கத்தோலிக்கத் திருச்சபை தன் போதிக்கும் அதிகாரத்துக்குப் பயன்படுத்தும் அதே சொல். தற்செயலாக வந்து விழுந்த பெயர் இல்லை. ஆகவே உங்கள் கணவர் காற்றோடு சண்டை போடவில்லை. “இது சும்மா பிள்ளைகள் கதைதானே” என்று யாராவது ஆறுதல் சொன்னால், அவர் அதைப் படிக்கவில்லை என்று அர்த்தம். (அந்தக் கதை உலகத்தில் புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின் பாப்பரசர் ஆகி, பாப்பரசர் ஆசனத்தையே ஜெனீவாவுக்குக் கொண்டுபோய்விடுகிறார்! புரொட்டஸ்டன்ட்காரருக்கும் கோபம் வர இடம் உண்டு. அந்த வரியை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.)

பேய் விஷயம் முழுப் பிழை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் ஒலி ‘டீமன்’. காதால் மட்டும் கேட்டவர்கள் பேய் என்று முடிவுகட்டிவிட்டார்கள். புல்மன் எடுத்தது பழைய கிரேக்கச் சொல்லை. கதையில் ஒவ்வொரு மனிதருடைய ஆன்மாவும் உடம்புக்கு வெளியே, ஒரு விலங்காகக் கூடவே நடக்கிறது. பிள்ளைகளின் டீமன் நொடிக்கு நொடி மாறும்: இப்போது அந்துப்பூச்சி, அடுத்த கணம் காட்டுப்பூனை. வயதுக்கு வந்த பிறகு ஒரே உருவத்தில் நின்றுவிடும். 12 வயதுப் பெண் சாப்பிடும்போதும் கீழே வைக்காமல் படித்ததன் காரணம் எனக்கு இங்கே விளங்குகிறது.

கடவுளைக் கொல்வது? உங்கள் மகள் படிப்பது மூன்று புத்தகங்களில் முதலாவது. 1995-ல் இங்கிலாந்தில் ‘நார்தர்ன் லைட்ஸ்’ என்ற பெயரில் வந்தது. அதில் அப்படி எதுவும் இல்லை. 2000-ல் வந்த மூன்றாவது புத்தகத்தில்தான் அந்தக் கட்டம் வருகிறது. ‘அதிகாரர்’ என்று எல்லோரும் வணங்கும் ஒருவர், பளிங்குப் பெட்டிக்குள் கிடக்கும் தள்ளாத கிழவராக இருக்கிறார். நடுங்குகிறார், குழந்தைபோல் அழுகிறார். பிள்ளைகள் இரக்கப்பட்டு அவரை வெளியே தூக்கிவிட, காற்றுப் பட்டதும் புகைபோல் கரைந்துபோகிறார். உலகத்தைப் படைத்தவர் அவர் இல்லை. முதலில் தோன்றிய தேவதூதர், படைத்தவன் நானே என்று மற்றவர்களிடம் பொய் சொன்னவர் என்று கதை சொல்கிறது. கொலை என்று சொல்ல முடியாது. ஆனால் விசுவாசமுள்ள ஒருவருக்குப் படிக்கும்போது வயிற்றைப் பிசையத்தான் செய்யும். எனக்கும் பிசைந்தது.

இனிப் படத்துக்கு வருகிறேன். நீங்கள் சனிக்கிழமைக்குப் பயப்படுகிறீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் பயப்பட அநேகமாக ஒன்றுமே இல்லை.

நியூ லைன் சினிமா என்ற ஹாலிவுட் நிறுவனம் ஏறக்குறைய 18 கோடி டாலர் கொட்டி எடுத்த படம். இவ்வளவு காசைப் போட்டுவிட்டு அமெரிக்காவின் கோயிலுக்குப் போகிற குடும்பங்களைப் பகைக்க எந்த முதலாளிக்கு மனம் வரும்? இயக்குநர் கிறிஸ் வைட்ஸ் மதம் சம்பந்தப்பட்டதை எல்லாம் மழுக்கிவிட்டார். மேஜிஸ்டீரியம் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. அது ஏதோ ஒரு கொடுங்கோல் அரசாங்கம் மாதிரித் தெரியும். வில்லியாக நடித்த நிக்கோல் கிட்மன் கத்தோலிக்கராக வளர்ந்தவர்; திருச்சபைக்கு எதிரான படம் என்று நினைத்திருந்தால் நடித்திருக்கமாட்டேன் என்றே சொன்னார்.

அப்படியும் சண்டை வந்தது. படம் வர இரண்டு மாதம் இருக்கும்போதே, கத்தோலிக்க லீக் என்ற அமெரிக்க அமைப்பின் தலைவர் பில் டொனஹியூ புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தார். படத்தில் காரம் குறைந்துவிட்டது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அவருடைய வாதம் வேறு: படம் தூண்டில் புழு, அதைப் பார்த்த பிள்ளை கிறிஸ்மஸுக்குப் புத்தகத்தைக் கேட்கும், அங்கேதான் முள் இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் இது முட்டாள்தனமான வாதம் இல்லை. உங்கள் வீட்டில் புத்தகம் முதலில் வந்து படம் பின்னால் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேடிக்கை என்னவென்றால், மறுபக்கத்தாரும் திட்டினார்கள். புல்மன் கௌரவ உறுப்பினராக இருந்த பிரிட்டனின் மதச்சார்பற்றோர் சங்கம், கதையின் உயிரையே எடுத்துவிட்டீர்கள் என்று சாடியது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று எடுத்த படம் இருவருக்கும் பிடிக்காமல் போயிற்று. அமெரிக்காவில் வசூல் சுமார் 7 கோடி டாலர்தான். வெளிநாடுகளில் 30 கோடி அளவுக்கு ஓடியது, ஆனால் அந்த உரிமைகளை நியூ லைன் முன்கூட்டியே விற்றுவிட்டிருந்தது. அடுத்த பாகங்கள் வரவே இல்லை.

உங்கள் கணவரிடம் சொல்வதற்கு ஒரு செய்தி: திருச்சபைக்குள்ளேயே ஒரே குரல் இருக்கவில்லை. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் திரை விமர்சனம் முதலில் படத்தைப் பற்றி நல்லவிதமாகவே எழுதியது. எதிர்ப்பு வந்ததும் டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். வத்திக்கான் நாளிதழ் படத்தைக் கண்டித்தது. ஆனால் ஆங்கிலிக்கன் பக்கத்தில் அப்போதைய காண்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ் கதைக்கு ஆதரவாக இன்னும் ஒரு படி போனார். 2004-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் இந்தக் கதை நாடகமாக நடந்தபோது, புல்மனோடு மேடையில் உட்கார்ந்து பேசினார். பள்ளிச் சமய வகுப்பிலேயே இதைப் படிக்கவைக்கலாம் என்றார். “அவர் ஆங்கிலிக்கன்தானே” என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னால் சொல்லட்டும். உங்கள் மாகாணக் கதை ஒன்றும் உண்டு. 2007 நவம்பரில் ஒரு புகாரை வைத்து ஹால்டன் கத்தோலிக்கப் பள்ளிச் சபை இந்தப் புத்தகத்தை நூலக அலமாரியில் இருந்து எடுத்தது. அதனால் எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் முதல்முறையாகக் காதில் விழுந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

உங்களுக்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன், நீங்கள் படிக்காததால். மேஜிஸ்டீரியத்தின் ஆட்கள் வடதுருவப் பக்கம் ஒரு நிலையம் வைத்து, பிள்ளைகளை அவர்களுடைய டீமனிடம் இருந்து வெட்டிப் பிரிக்கிறார்கள். உங்கள் நன்மைக்குத்தான், பெரியவர்களானால் வரும் பாவத்தில் இருந்து காப்பாற்றத்தான் என்கிறார்கள். கதாநாயகி லைரா, அப்படி வெட்டப்பட்ட ஒரு சிறுவனை மீன் கொட்டிலில் கண்டுபிடிக்கிறாள். அவன் ஒரு காய்ந்த மீனை நெஞ்சோடு அணைத்தபடி இருக்கிறான், தன் டீமன் இருந்த இடத்தில். விடிவதற்குள் செத்துப்போகிறான். யாரோ அந்த மீனை எடுத்து நாய்களுக்குப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் லைராவுக்கு வரும் கோபம் இருக்கிறதே! பிறகு ஒரு காசில் அவனுடைய டீமனின் பெயரைக் கீறி, சவத்தின் வாயில் வைத்து அனுப்புகிறாள்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கையில் இருந்து, “உன் நன்மைக்குத்தான்” என்று சொல்லிப் புத்தகத்தைப் பிடுங்கினால் அவளுக்கு என்ன தோன்றும் என்று யோசியுங்கள். புல்மன் பத்துப் பக்கத்தில் சொல்வதை உங்கள் சமையலறை ஒரு நிமிடத்தில் மெய்ப்பித்துவிடும்.

அனுப்புங்கள். படத்தின் முடிவும் புத்தகத்தின் முடிவும் வேறு. கடைசிப் பகுதியைப் படம்பிடித்தும் வெட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவளிடம் “அப்பாவுக்கு வந்த செய்தியில் இருந்தது எதையாவது பார்த்தாயா?” என்று கேளுங்கள். அவள் சொல்லட்டும், அவரும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். இரண்டு நாள் மௌனத்தை உடைக்க இது போதும்.

புத்தகத்தை அவளே உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். ஆங்கிலம் வாசித்துப் பழக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் நல்ல சாக்கு. இரவில் ஒரு அத்தியாயம், தமிழில் விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள். முதல் புத்தகம் அவள் வயதுக்குச் சரி. ஆனால் முடிவில் ஒரு தோழனின் சாவு வருகிறது, கொடூரமானது. அந்த இரவு தனியாக விடாதீர்கள். மூன்றாவது புத்தகத்துக்கு இன்னும் ஓரிரு வருடம் போகட்டும், அது உறுதிப்பூசுதலுக்குப் பிறகு என்றாலும் பரவாயில்லை. எழுதியவர் கடவுளை நம்பாதவர் என்பதை இப்போதே நீங்களே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் இருந்து தெரிந்துகொள்வதைவிட அம்மா வாயில் இருந்து தெரிந்துகொள்ளட்டும். திருச்சபை உண்மையில் பிள்ளைகளைப் பிடித்து வெட்டியதா என்று கேட்டாள் என்றால், “அப்படி வெட்டவில்லை, ஆனால் திருச்சபை ஆட்களால் பிள்ளைகளுக்குக் கெடுதல் நடந்ததும் உண்டு” என்று சொல்லுங்கள். கனடாவில் வளரும் பிள்ளைக்குப் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டில் இருந்து பிரித்துத் திருச்சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளைப் பற்றி வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். நீங்கள் மறைத்தால் உங்கள் பேச்சுத்தான் எடுபடாது. பதில் தெரியாத கேள்வியைப் பங்குச் சுவாமியிடம் கொண்டுபோங்கள். பூசை முடிந்து பத்து நிமிடம் அவருக்கும் இருக்கும்.

நூலகப் புத்தகம் என்று எழுதியிருந்தீர்கள். தவணை எப்போது என்று பாருங்கள், தேவைப்பட்டால் நீட்டித்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்து எடுக்கும்போது, பக்கம் மறக்காமல் இருக்க அவள் எதையாவது செருகி வைத்திருப்பாள். அது விழுந்துவிடாமல் எடுங்கள். முடிந்தால் அப்பாவே எடுத்துக் கொடுக்கட்டும்.